அப்பத்தாவின் தராசும் ஒரு சிவப்புப் பேனாவும்

இந்தப் பக்கம் வந்து மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. (இந்த "ஜாஸ்தி"யைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே அதுக்கு வேலை இருக்கு.)

மேட்டர் என்னன்னா, எங்க வீட்டுச் சின்னது சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகுது. வயசு பத்து. போன மாசம் "எங்கள் அப்பத்தா"ன்னு ஒரு கட்டுரை எழுதச் சொன்னாங்க. நாங்க யாரும் உதவி பண்ணலை. தங்கமணிக்கு அன்னிக்கு ஷிப்ட், எனக்கு வழக்கம்போல மீட்டிங். அவளே உக்காந்து ஒரு பக்கம் எழுதினா. இப்படி இருந்தது:

"எங்கள் அப்பத்தா பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறார். அவர் வீட்டில் பெரிய தராசு இருக்கிறது. அதில் மாங்காய் நிறுத்து விற்பார். யாருக்கும் எடை கம்மியாகப் போட மாட்டார். நாங்கள் போனால் பலகாரம் தயாராக இருக்கும். அப்பத்தா சால்வை போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார்."

எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. டொரான்டோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறவ, "எடை கம்மியாகப் போட மாட்டார்"னு எழுதறா. இது புத்தகத்துல படிச்ச தமிழ் இல்லை. ஞாயித்துக்கிழமை காலைல போன்ல அப்பத்தாகிட்ட இருந்து காதுவழியா வந்த தமிழ்.

திரும்பி வந்தப்போ தராசு, கம்மி, தயார், சால்வை நாலையும் சிவப்புல சுழிச்சிருந்தாங்க. கீழே ஒரு குறிப்பு: "பிறமொழிச் சொற்களைத் தவிர்க்கவும்." "அம்மிணி"க்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி வேற.

இதோட முடிஞ்சிருந்தா நானும் மறந்திருப்பேன். அடுத்த ஞாயிறு போன்ல அம்மா, "காப்பி தயார் பண்ணிட்டு இருக்கேன் அம்மிணி"ன்னு சொன்னப்போ, சின்னது ரொம்ப நல்ல பிள்ளையா, "அப்பத்தா, தயார் தமிழ் இல்லை, ஆயத்தம்னு சொல்லணும்"னு திருத்திடுச்சு. அம்மா சிரிச்சாங்க. அதுக்கடுத்த வாரம் "கம்மி". அதுக்கும் சிரிச்சாங்க. மூணாவது வாரம் போனை எடுத்து ரெண்டே நிமிஷத்துல, "அப்பன்கிட்ட குடு சாமி"ன்னுட்டாங்க. என்கிட்ட சொன்னது இதுதான்: "என்ற பேச்சைக் கேட்டு புள்ளைக்கு மார்க் போயிருமாட்டக் குது. நீங்களே பேசிக்கங்க."

இந்த இடத்துல ஒரு கொசுவத்தி சுத்தியே ஆகணும்.

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுகா. வீட்டுல, வயல்ல, சந்தையில எல்லாம் தமிழ். பஸ் போர்டும் வில்லேஜ் ஆபீஸும் மலையாளம். கோயமுத்தூர்ல இருக்கிற எங்க சொந்தக்காரங்களுக்கு அம்மா பேசறது "மலையாளத் தமிழ்". பாலக்காடு டவுனுக்குப் போனா அதே பேச்சு "பாண்டித் தமிழ்". எங்க பெரியத்தையை மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டுல கட்டிக் குடுத்தது. தேவிகுளம் தாலுகா. அங்கயும் இதே கதைதான், மலை மட்டும் கூட. போடிமெட்டு இறங்கினா தேனிக்காரங்க கிண்டல், அடிமாலி இறங்கினா அவங்க கிண்டல். எல்லைக்காரங்க தமிழுக்கு ரெண்டு பக்கமும் வாத்தியார் உண்டு. இப்போ மூணாவதா கனடாவுல இருந்து ஒரு பத்து வயசு வாத்தியாரம்மா கிளம்பிடுச்சு, அதுவும் நான் பெத்தது.

சரி, அந்தச் சிவப்பு மை போட்ட சொற்கள் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, நாலும் வந்தது பாரசீக வழி. தராசுக்கு பாரசீகத்துல தராஸூ. கம்மிக்கு கமீ. சால்வை அங்கே ஷால். தயார் அரபியில் இருந்து பாரசீகம் போய், அப்புறம் இந்துஸ்தானி வழியா நம்மகிட்ட வந்தது. பிறமொழிச் சொல்லுன்னு டீச்சர் சொன்னதுல தப்பே இல்லை. ஆனா எனக்கு அடுத்த கேள்வி வந்தது. பாரசீகம் எப்படி கொழிஞ்சாம்பாறைத் திண்ணை வரைக்கும் வந்தது? யார் கூட்டிட்டு வந்தா?

பள்ளிக்கூடத்துல பாரசீகம்னா நாம படிச்சது என்ன? சைரஸ், டேரியஸ், அப்புறம் அலெக்சாண்டர் வந்து எரிச்சுட்டார், முடிஞ்சது. அதுவும் கிரேக்கர்கள் சொன்ன கதைப்படி. உண்மையில அந்தப் பேரரசைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் போர் இல்லை, கணக்குப் புத்தகம். 1933-34ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரங்க பெர்செபோலிஸ்ல தோண்டினப்போ ஆயிரக்கணக்குல களிமண் பலகைகள் கிடைச்சது. டேரியஸ் காலத்து ரேஷன் கணக்கு. எந்த ஊர் வேலையாளுக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு ஒயின்னு எழுதி வெச்சிருக்காங்க. பெண் வேலையாட்கள் கணக்கும் உண்டு. பிள்ளை பெத்தவங்களுக்கு அந்த மாசம் கூடுதல் ரேஷன். (பையன் பிறந்தா ரெண்டு பங்கு, பொண்ணு பிறந்தா ஒரு பங்கு. 2500 வருஷம் முன்னாடியே அந்த வியாதி இருந்திருக்கு.) இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது பெரியத்தை எஸ்டேட்டோட செக்ரோல்தான். கொழுந்து எத்தனை கிலோ, எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு பிடிச்சாங்கன்னு வரிவரியா இருக்கும். மூணாறு லயத்துல உக்காந்துக்கிட்டு பெர்செபோலிஸைப் புரிஞ்சுக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை.

இதுல கவனிக்க வேண்டியது, அந்தக் களிமண் கணக்கு பெரும்பாலும் எந்த மொழியில இருக்கு தெரியுமா? பாரசீகத்துல இல்லை. எலாமைட் மொழியில. பேரரசு முழுக்க ஓடின கடிதப் போக்குவரத்து அராமிக்ல. டேரியஸ் பெஹிஸ்தூன் மலையில வெட்டின கல்வெட்டே மூணு மொழி: பழைய பாரசீகம், எலாமைட், பாபிலோனிய மொழி. உலகத்தோட அன்னிய தேதிக்குப் பெரிய ராஜா, தன் கஜானாக் கணக்கை அடுத்தவன் மொழியில எழுதினான். அதுல அவனுக்குக் கவுரவம் ஒண்ணும் குறையலை.

(எலாமைட்னு சொன்னதும் நம்ம ஆளுங்க சிலர், "ஆங், அது திராவிட மொழிதானே"ன்னு கிளம்புவாங்கன்னு தெரியும். டேவிட் மெக்ஆல்பின்னு ஒரு அறிஞர் அப்படி ஒரு உறவு உண்டுன்னு 1981ல் புத்தகமே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கலை. அதனால டேரியஸ் நம்ம பங்காளின்னு பார்வர்ட் மெயில் வந்தா தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க.)

நம்ம பக்கம் பாரசீகம் வந்தது ரெண்டு வழி. ஒண்ணு கடல், இன்னொண்ணு கச்சேரி.

கடல் வழி ரொம்பப் பழசு. பாரசீக வளைகுடாவுல இருந்து கப்பல்ல குதிரை வந்தது, பாண்டியர்கள் கொட்டிக் குடுத்து வாங்கினாங்கன்னு 13ஆம் நூற்றாண்டுல மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்கார். கீஷ், ஹோர்முஸ்னு துறைமுகப் பேரோட. மாணிக்கவாசகர் கதையில பாண்டியன் காசு குடுத்து அனுப்பினது எதுக்கு? குதிரை வாங்கத்தானே. நரி பரியான கதையைச் சொல்லும்போது, அந்தப் பரி எந்த நாட்டுச் சரக்குன்னு நாம யோசிக்கறதே இல்லை.

அதுக்கும் முன்னாடி, கி.பி. 849. கொல்லம். வேணாட்டு அய்யன் அடிகள், சேரன் தாணு ரவியோட ஆட்சிக் காலத்துல, அங்கிருந்த தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் குடுத்து செப்பேடு வெட்டினார். எழுத்து வட்டெழுத்து. மொழியைப் பழைய மலையாளம்னு அவங்க சொல்றாங்க, தமிழ்னு நாம சொல்றோம், அந்தச் சண்டைக்கு நான் வரலை. எனக்குச் சுவாரசியம் கடைசி ஏட்டுல இருக்கிற சாட்சிக் கையெழுத்துகள். கொஞ்சம் பேர் அரபியில கூஃபி எழுத்துல போட்டிருக்காங்க. கொஞ்சம் பேர் பஹ்லவி எழுத்துல, அதாவது இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகத்தோட எழுத்துல. இன்னும் கொஞ்சம் பேர் ஹீப்ரு எழுத்துல, ஆனா மொழி பாரசீகம். இதுல சாசானியப் பேரரசு விழுந்து அப்போவே ரெண்டு நூற்றாண்டு ஆச்சு. நாடு போயிடுச்சு, ஆனா கொல்லத்துல கடைவீதியில உக்காந்துக்கிட்டு அவங்க பழைய எழுத்துலதான் கையெழுத்துப் போட்டாங்க. "தரிசா"ங்கற பேரே கிறிஸ்தவரைக் குறிக்கற பாரசீகச் சொல்லான "தர்ஸா"வுல இருந்து வந்ததுன்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க.

புலம்பெயர்ந்த ஆள் எவனும் அந்தச் செப்பேட்டுப் படத்தை சும்மா பார்த்துட்டுப் போக முடியாது. நானும் இங்கே பேங்க்ல தமிழ்லதான் கையெழுத்துப் போடறேன். கவுன்டர்ல இருக்கிற பொண்ணு ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்ச்சுப் பார்க்கும்.

பெரியத்தை வீட்டுல இருந்து கொச்சி போற ரோடு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தேவிகுளம், மூணாறு, அடிமாலி, கோதமங்கலம், மூவாற்றுப்புழை, அப்புறம் கடமற்றம். அந்தக் கடமற்றம் பழைய பள்ளியில ஒரு கல் சிலுவை இருக்கு, ஓரத்தைச் சுத்தி பஹ்லவி எழுத்து. அதே மாதிரி கோட்டயம் வலியபள்ளியில. சென்னைக்காரங்க தூரமே போக வேண்டாம், பரங்கிமலை மேல இருக்கு; போர்ச்சுகீசியர்கள் 1547ல் தோண்டி எடுத்தது. ஈழத்து நண்பர்களுக்கு: அனுராதபுரத்துலயும் 1912ல் இதே வடிவச் சிலுவை ஒண்ணு கிடைச்சிருக்கு, அதுல எழுத்து இல்லை. நான் சின்ன வயசுல எத்தனை தடவை அந்த கடமற்றம் ரோட்டுல பஸ்ல தூங்கிக்கிட்டே போயிருப்பேன்! கத்தனார் மந்திரக் கதை மட்டும் சொல்லிக் குடுத்தாங்க, சிலுவையைப் பத்தி ஒருத்தரும் சொல்லலை.

இனி கச்சேரி வழி. தராசையும் தயாரையும் கொண்டுவந்தது கூடுதலா இதுதான்.

டெல்லியில, தக்காணத்து சுல்தான்கள்கிட்ட, ஆற்காட்டு நவாப்கிட்ட எல்லாம் அரசாங்க மொழி பாரசீகம். பாலக்காடு கோட்டையைக் கட்டினது ஹைதர் அலி, 1766ல். அந்த மைசூர் அரசும் கன்னடத்தோடயும் மராத்தியோடயும் பாரசீகத்தையும் வெச்சுத்தான் நிர்வாகம் நடத்தினது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில மலபார் கும்பினிக்காரன் கைக்குப் போச்சு. அவன் ராஜாவை மாத்தினான், சொல்லை மாத்தலை. வரி வசூல் பண்றவனுக்கு ஏற்கெனவே புரியற சொல்லு இருக்கும்போது எவன் மெனக்கெடுவான்? கும்பினி தன் ஆட்சியில பாரசீகத்தோட இடத்தை எடுத்தது 1837ல். ஆனா அதுக்குள்ள அந்தச் சொற்கள் ஊர் ஊரா நிலப்பத்திரத்துல ஏறிடுச்சு. 1855ல் எச்.எச்.வில்சன் இந்தியாவோட வருவாய், நீதிமன்றச் சொற்களை மட்டும் தொகுத்தப்போ அதுவே ஒரு தடிப் புத்தகமா வந்தது.

இதுல எங்க எல்லைப் பகுதி ஒரு வேடிக்கை. பாலக்காடு மலபார் மாவட்டம், சென்னை மாகாணம். எங்க சித்தூர் அதுக்கு நடுவுல கொச்சி ராஜாவோட நிலம். தேவிகுளமும் பீருமேடும் உடும்பஞ்சோலையும் திருவிதாங்கூர். மூணு அரசாங்கம், மூணு சட்டம். மூணுலயும் தாசில்தார். கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் திவான். 1956 நவம்பர் 1ல் மாநில எல்லை போட்டப்போ தேவிகுளம், பீருமேடு தமிழ்நாட்டுக்கு வேணும்னு போராட்டம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கோடு போட்டாச்சு, இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ். ஆனா ரெண்டு பக்கமும் நிலம் யாருதுன்னு கேட்டா பதில் சொல்ற ஆளோட பேர் மட்டும் ஒண்ணுதான். தாசில்தார். "தஹ்ஸீல்" அரபி, வசூல்னு அர்த்தம்; "தார்" பாரசீகம், கையில வெச்சிருக்கிறவன்.

எங்கப்பாவோட டிரங்க் பெட்டியில ரெண்டு ரசீது இருக்கு. ஒண்ணு எங்க நிலத்துக்கு, கொல்லம் ஆண்டு 1130. இன்னொண்ணு அம்மா பிறந்த வீட்டு நிலத்துக்கு, பொள்ளாச்சிப் பக்கம், பசலி 1364. ரெண்டும் 1954-55ல் கட்டின வரிதான். நடுவுல இருக்கிற தூரம் சைக்கிள்ல ஒரு மணி நேரம். பசலி, அக்பர் காலத்து விளைச்சல் கணக்கு ஆண்டு. தமிழ்நாட்டு வருவாய்த் துறை இன்னிக்கும் ஜூலை 1ல் புதுப் பசலி தொடங்குது. "ரசீது"ன்னா பாரசீகத்துல "வந்து சேர்ந்தது". காசு வந்து சேர்ந்ததுன்னு எழுதிக் குடுக்கிற சீட்டு. அப்பா அந்த ரெண்டையும் எதுக்குப் பத்திரமா வெச்சிருந்தார்? எல்லையில இருக்கிற தமிழனுக்கு, "நீ இங்கே எப்போ வந்தே?"ன்னு எவனாவது கேட்டா காட்டறதுக்கு. இடுக்கியில பட்டயத்துக்காக அலைஞ்ச குடும்பங்களைக் கேளுங்க, ஒரு பழைய ரசீதோட மதிப்பு என்னன்னு சொல்லுவாங்க. எங்க குடும்பம் இந்த ஊர்க்காரங்கதான்னு சாட்சி சொல்றது ஒரு பாரசீகச் சொல்லு. அதைப் போய் சிவப்புல சுழிக்க எனக்கு மனசு வரலை.

இப்போ எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், இல்லேன்னா நியாயம் இல்லை. 1916ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் ஆரம்பிக்கலேன்னா இன்னிக்கு நாம எழுதற தமிழ் வேற மாதிரி இருந்திருக்கும். அது ஒரு அவசியமான காரியம். வேதாசலம்ங்கற தன் பேரையே மாத்திக்கிட்டவர். வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் எல்லாம் நல்ல சொற்கள், கெசட்டுல இருக்கட்டும். (ஜமாபந்திக்குப் போறேன்னு சொல்றவரை நான் பார்த்திருக்கேன். தீர்வாயத்துக்குப் போறேன்னு சொன்னவரை இதுவரைக்கும் பார்த்ததில்லை.) புதுசா வர்ற பொருளுக்கு, புது அறிவியலுக்குத் தமிழ்ல சொல்லு உண்டாக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

வேடிக்கை என்னன்னா, பாரசீகக்காரங்களும் இதையேதான் பண்ணினாங்க. ஏழாம் நூற்றாண்டுக்கு அப்புறம் அவங்க மொழிக்குள்ள அரபி வெள்ளமா வந்தது. ஃபிர்தௌசி 1010 வாக்குல ஷாநாமாவை முடிச்சப்போ, அரபிச் சொற்களைக் குறைச்சு, பழைய ராஜாக்கள் கதையைத் தன் மொழியில பாடி நிறுத்தினார். அரபி பேசற நாடுகளா மாறிப்போன எகிப்து, சிரியா மாதிரி ஈரான் ஆகாம நின்னதுக்கு அவரையும் ஒரு காரணமாச் சொல்வாங்க. அப்புறம் 1935ல் ரெசா ஷா காலத்துல ஃபர்ஹங்கிஸ்தான்னு ஒரு மொழிக் கழகம் வந்தது. அரபிச் சொல்லான "பலதியே" போய் நகராட்சிக்கு "ஷஹர்தாரி" வந்தது, நீதித்துறைக்கு "அத்லியே" போய் "தாத்கொஸ்தரி" வந்தது. நம்ம ஊர்ல நகராண்மைக் கழகம்னு பேர் மாத்தின அதே ஆர்வம். அவங்க அரபியைக் களையெடுத்தாங்க, நாம வடமொழியோட சேர்த்து அவங்களையும் களையெடுத்தோம். ஆனா அவங்க ஒரு இடத்துல நிறுத்திக்கிட்டாங்க. இன்னிக்கும் பாரசீகத்துல அரபிச் சொற்கள் ஏராளம், பாட்டிங்க பேச்சுல யாரும் கை வைக்கலை.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க பக்கத்து வீட்டுல ஒரு ஈரானியக் குடும்பம். அந்தம்மா ரிட்டயர்டு டீச்சர். மார்ச் 20, 21 வாக்குல நவ்ரூஸுக்கு எங்களைக் கூப்பிடுவாங்க. மேஜை மேல கண்ணாடி, காசு, முளைவிட்ட தானியம், ஆப்பிள் எல்லாம் அடுக்கி வெச்சிருப்பாங்க. முதல் தடவை பார்த்தப்போ நான் அப்படியே நின்னுட்டேன். எங்க ஊர்ல சித்திரைக் கனிக்கு (அக்கம்பக்கத்து மலையாளி வீட்டுல விஷுக்கணி) அம்மா வைக்கறதும் கண்ணாடி, காசு, பழம்தான். ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். வசந்தம் வந்தா மனுஷனுக்கு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தோணும் போல, அவ்வளவுதான். ஒத்துமை இருந்தாலே உறவுன்னு சொல்லிடற பழக்கம் நம்மகிட்ட ஜாஸ்தி. (வந்துடுச்சு பாருங்க.)

கட்டுரை திரும்பி வந்த வாரம் அந்தம்மா வீட்டுக்கு வந்திருந்தாங்க. சின்னது மூஞ்சைத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தது. விஷயத்தை இங்கிலீஷ்ல சொன்னேன். "எந்தச் சொல்லு?"ன்னாங்க. தராசு. "தராஸூ!" கம்மி. "கமீ!" சால்வை, ரசீது, பாதாம், பஜார், சிபாரிசு, குஸ்தி, பீங்கான்னு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அந்தம்மா கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. காணாமப் போன பேரப்பிள்ளைங்களை ரயில்வே ஸ்டேஷன்ல பார்த்த மாதிரி.

அப்புறம் அவங்க முறை. சமையல்கட்டுல இருந்த தேங்காயைக் காட்டி "நார்கீல்"னாங்க. அது நாரிகேளத்துல இருந்து போனது. அந்தச் சமஸ்கிருதச் சொல்லே தெற்கே இருந்து போயிருக்கும்னு பலர் சொல்வாங்க. "நாரஞ்ச்"னு ஒரு புளிப்புப் பழம் சொன்னாங்க. நம்ம நாரத்தங்காய்ங்க! திராவிட மொழியில கிளம்பி, சமஸ்கிருதம், பாரசீகம், அரபி, ஸ்பானிஷ்னு சுத்தி, கடைசியில இங்கிலீஷ்ல ஆரஞ்சா நிக்கிற பழம். அம்மா போன தடவை நாரத்தங்காய் ஊறுகாய் குடுத்தனுப்பி, ஏர்போர்ட்ல அதை எடுத்து வெச்சிக்கிட்டாங்க. அது வேற சோகம். ஆக, நம்மகிட்ட இருந்து தேங்காயும் நாரத்தையும் போச்சு, அங்கிருந்து தராசு வந்தது. நிறுத்துப் பார்த்தா பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை.

தமிழ்ப் பள்ளி டீச்சரையும் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு இல்லை. சனிக்கிழமை காலையில, பனியில, சம்பளம் இல்லாம நாப்பது பிள்ளைங்களோட மல்லுக்கட்டற மனுஷி. யாழ்ப்பாணத்துக்காரங்க. மொழிக்காக அவங்க குடும்பம் குடுத்த விலை எனக்குத் தெரியும், அதனால வார்த்தையை அளந்துதான் பேசினேன். "இருங்கோ, கதிரையில இருந்து கதைப்பம்"னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. கதிரை போர்ச்சுகீசியம். அலுமாரி போர்ச்சுகீசியம். அவங்க வீட்டுச் சமையலறை "குசினி", அதுவும் அங்கிருந்துதான். சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "அது எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ"ன்னாங்க.

அதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன்.

நாலு சுழியையும் அவங்க எடுக்கலை. "சோதனையில எழுதேக்க தூய தமிழ் எழுதட்டும். வீட்டுக் கதைக்கு நான் சிவப்பு போடேல்லை"ன்னு சொன்னாங்க. இது எனக்கு முழுசா ஒப்பு இல்லை, ஏன்னா அப்பத்தாவைப் பத்தின கட்டுரையே வீட்டுக் கதைதான். ஆனா "அம்மிணி" பக்கத்துல இருந்த கேள்விக்குறியை அடிச்சிட்டு, "அழகு"ன்னு எழுதிக் குடுத்தாங்க. பாதி ஜெயிச்சேன்னு வெச்சுக்கலாம்.

இங்கே நம்மள்ல நிறையப் பேர் வீட்டுல இதுதான் நடக்குது. பிள்ளைங்களுக்கு ரெண்டு தமிழ். ஒண்ணு சனிக்கிழமைத் தமிழ், பரிசு வாங்கிக் குடுக்கும். இன்னொண்ணு ஞாயித்துக்கிழமைத் தமிழ், போன்ல வரும். முதலாவதை வெச்சு ரெண்டாவதைத் திருத்த ஆரம்பிச்சா, திருத்தப்படறவங்க வாயை மூடிக்குவாங்க. எழுபது வயசுல யாரும் புதுசா தமிழ் கத்துக்க மாட்டாங்க, பேசறதை நிறுத்திக்குவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளைகிட்ட தமிழ் பேச அப்பா அம்மாவைத் தவிர யாரு மிச்சம்? நாமளே பாதி நேரம் இங்கிலீஷ்ல திட்டறோம். ஆயத்தம்ங்கற சொல்லு என் பொண்ணுக்கு வேணும். தயார்ங்கற சொல்லுக்குப் பின்னாடி இருக்கிற மனுஷி அதைவிட வேணும்.

போன ஞாயிறு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. சின்னது தானா போனை எடுத்துச்சு. "அப்பத்தா, உங்க தராசு ஈரான்ல இருந்து வந்ததாம், தெரியுமா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஈரானும் இல்ல ஒண்ணும் இல்ல அம்மிணி. உங்க அப்பாரு பொள்ளாச்சி சந்தையில வாங்கியாந்தது. படிக்கல்லு ரெண்டு தொலைஞ்சு போச்சு. இப்ப மாங்காய்க்காரன் கரண்டுல ஓடற மிசினு கொண்டாரான், எடை கம்மியா காட்டுது."

"கம்மியாவா? எவ்ளோ கம்மி?"

அம்மா ஆரம்பிச்சாங்க. முதலமடை வியாபாரியில தொடங்கி, போன வருஷ மாங்காய் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், பெரியத்தைக்கு மூணாறு குளிர்ல முட்டி வலின்னு நாப்பது நிமிஷம். போன் என் கைக்கு வரவே இல்லை.